ஆள் வந்து சொல்லாத சாவு

அத்தியாயம் பதினான்கு

சனிக்கிழமை விடிந்தபோது, ஏரம்பு இறந்துவிட்டார் என்பது அந்த வட்டுக்கோட்டை வீட்டில் ஒரேயொருவருக்குத்தான் தெரிந்திருந்தது. அவர் கோழிக்குத் தயிர் தடவிக்கொண்டிருந்தார்.

ஓய்வுபெற்ற உதவிப் பணிப்பாளர் சண்முகநாதன் அவர்கள். அந்த 'அவர்கள்' இல்லாமல் கூப்பிட்டால் அவருக்குக் காது கேட்பதில்லை.

முதல்நாள் இரவு வந்த தொலைபேசி அழைப்பை அவர்தான் எடுத்தார். பருத்தித்துறையிலிருந்து மனைவியின் அண்ணன் ஏரம்புவின் மகன் கஜீவன். அப்பாவுக்கு நெஞ்சுநோ என்று ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனோம், வாசலிலேயே முடிந்துவிட்டது, மாமியிடம் குடுங்கோ என்று அழுதான்.

"மாமி குளிசை போட்டிட்டுப் படுத்திட்டா தம்பி. இப்ப எழுப்பினால் பிறஷர் ஏறும். விடிய நானே பக்குவமாச் சொல்லிக் கூட்டிக்கொண்டு வாறன். நீங்கள் ஒருத்தரும் இஞ்சை அலையாதேங்கோ. எத்தினை மணிக்கு எடுக்கிறியள்?"

"நாளைக்குப் பின்னேரம் நாலு மணிக்கு மாமா."

மாமி அந்நேரம் குசினியில் நின்று உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள்.

சண்முகநாதன் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டார். நாலு மணிக்குப் பிணம். ஆறு மணிக்கு விருந்தாளிகள். ஒன்றோடொன்று முட்டவில்லை. நிம்மதியாகப் படுத்தார்.

விருந்து சாதாரண விருந்து அல்ல. இலண்டனில் இருந்து வந்திருக்கும் பழைய நண்பர் நடராசா, மனைவி பத்மாசினி, மகன் டிலக்ஷன் மூவருக்கும் வீட்டுப் பின்வளவில் 'இந்திய முறையிலான பார்பிகியூ'. நண்பர்கள் கூடிச் சாப்பிடுவது என்பது வெளிப்பேச்சு. டிலக்ஷனுக்கு மகள் ஆரபியைக் காட்டுவது உட்பேச்சு. அவர்கள் திங்கட்கிழமை விமானம் ஏறுகிறார்கள்.

இந்திய முறை ஏன் என்று கேட்கக்கூடாது. இருபது வருடங்களுக்கு முன்னர் அவர் மூன்று நாள் பயிற்சிக்கு டெல்லி போனவர். அந்த மூன்று நாளில் இரண்டு நாள் வயிற்றோட்டத்தில் விடுதி அறையிலேயே கிடந்தார் என்பது மனைவி பராசக்திக்கு மட்டும் தெரியும். ஊருக்குத் தெரிந்ததெல்லாம், "டெல்லியிலை நான் இருக்கேக்கை" என்று தொடங்கும் வசனங்கள்தான்.

ஆகவே தார்ப்பீப்பாய் ஒன்று நெடுக்காகப் பிளக்கப்பட்டு, கால் வைத்து ஒட்டப்பட்டு, அழகுக்குப் பச்சைப் பெயின்றும் பூசப்பட்டது. பனீர் கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வியர்த்து விறுவிறுத்து வந்திறங்கியது. அதை விரலால் அமத்திப் பார்த்த பராசக்தி, "உது தயிரைப் பிழிஞ்ச சக்கையெல்லோ" என்றாள். வாசற் படலையில் ஆறடி நீளத்தில் ஒரு டிஜிற்றல் பனர். நடுவில் கோட்டுச் சூட்டோடு சண்முகநாதன் படம். சுற்றிவர ரோசாப்பூ. கீழே, 'இந்திய மணம் கமழும் தோட்ட விருந்து'.

காலையில் அந்த வழியால் வந்த பஞ்சலிங்கம், ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர், மோட்டார் சைக்கிளைப் போட்டுவிட்டு உள்ளே ஓடிவந்தார். ஹெல்மெற் கையில் இருந்தது.

"ஐயோ ஐசே! உயிரோடையோ இருக்கிறீர்?"

"ஏன் காணும்?"

"படலையிலை உம்மடை படம். சுத்திவரப் பூ. நான் எழுத்தை வாசிக்கேல்லை. ஹெல்மெற்றைக் கழட்டிக் கும்பிட்டுப்போட்டன்."

"உமக்கு ரேஸ்ற் இல்லை ஐசே. இரவைக்கு வாரும், தந்தூரி எண்டால் என்னெண்டு காட்டுறன்."

அந்த வீட்டில் ஒரு சாவு என்று அன்று காலை மனதார நம்பியவர் பஞ்சலிங்கம் ஒருவர்தான். ஆளைத்தான் மாறிப் பிடித்துவிட்டார்.

அவர் போனதும் சண்முகநாதன் குசினி வாசலில் போய் நின்றார்.

"இஞ்சாரும், உம்மடை ஃபோனை ஒருக்காத் தாரும். இரவைக்குப் பாட்டுப் போட வேணும்."

"என்ரை ஃபோனிலை தேவாரம் மட்டும்தானே கிடக்கு?"

"அதைத்தான் மாத்தப்போறன். கசல் போட்டால்தான் அந்தச் சாப்பாட்டுக்கு ஒரு எடுப்பு."

வாங்கிக்கொண்டு போனவர், முதலில் சிம்மைக் கழற்றிச் சேட்டுப் பைக்குள் போட்டார். அதற்குப் பிறகுதான் கசல்.

*

கஜானியின் அழைப்பு வந்தபோது ஆரபி மல்லிகைப்பூக் கட்டிக்கொண்டிருந்தாள். கஜானி ஏரம்பு மாமாவின் மகள். ஆரபிக்கு மச்சாள்.

"மச்சாள், மாமி வெளிக்கிட்டிட்டாவோ? அவவின்ரை ஃபோன் வேலை செய்யேல்லை. அண்ணா மாமியைத்தான் கேட்டுக்கொண்டு இருக்கிறார்."

"என்னத்துக்கு?"

கஜானி விசயத்தைச் சொன்னாள்.

ஆரபி பின்வளவுக்கு ஓடினாள். சண்முகநாதன் பீப்பாய்க்குள் சிரட்டைக்கரியை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அப்பா, மாமா செத்துப்போனார்."

"மெல்லக் கதை."

"உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும் எண்டால் என்னெண்டு தெரியும்? ஆராவது வந்து சொன்னவையோ?"

"கஜீவன் மச்சான் இரவு உங்களோடை கதைச்சவராம்."

"ஃபோனிலை!" சண்முகநாதன் நிமிர்ந்தார். கையில் கரி. "சாவை ஃபோனிலையோ சொல்லுறது? சம்பந்த வீட்டுக்கு ஆள் வரவேணும். படலையிலை நிண்டு சொல்லவேணும். அதெல்லோ முறை. முறை தெரியாத கடற்கரைச் சனத்துக்கு நான் என்ன செய்ய?"

"நீங்கள்தானே அலையாதேங்கோ எண்டு சொன்னியளாம்?"

"அது என்ரை பெருந்தன்மை. நான் பெருந்தன்மையாச் சொன்னால், அவை முறையை விட்டிடுறதோ?"

இப்படி ஒரு நியாயத்தைக் கண்டுபிடிக்க முப்பத்திரண்டு வருட அரசாங்க சேவை வேண்டும். மேலதிகாரியின் கையொப்பம் இல்லாத கடிதம் வந்து சேராத கடிதம். ஆள் வந்து சொல்லாத சாவு நடக்காத சாவு.

"நாலு மணிக்கு எடுக்கினம் அப்பா. அம்மா வாய்க்கரிசி போட வேண்டாமோ?"

"வேறை சகோதரம் இல்லையோ போட?"

"இல்லை. அம்மா மட்டும்தான். உங்களுக்குத் தெரியும்."

அவருக்குத் தெரியும். ஆகையால் குரலை மாற்றினார்.

"பிள்ளை, நான் ஆருக்காகக் கிடந்து சாகிறன்? செத்தவீடு எண்டு தெரிஞ்சால் நடராசா ஆக்கள் இந்தப் படலை தாண்டுவினமோ? நல்ல காரியம் கதைக்க வாற நாளிலை சாவுத் துடக்கோ? திங்கக்கிழமை பறந்திடுவினம். லண்டனிலை அந்தப் பெடியனுக்கு வரிசையிலை நிக்கினம். இரவு அவை போனவுடனை நானே கொம்மாவுக்குச் சொல்லுறன். நாளைக்குப் போய் அழட்டும். அழுகை ஊசிப்போற சாமானே?"

ஆரபி நல்ல பிள்ளை என்று ஊரே சொல்லும். நல்ல பிள்ளை தன் அறைக்குள் போனாள். கதவைச் சாத்தினாள். பின்னேரம் உடுக்கவேண்டிய சேலையை எடுத்து மினுக்கத் தொடங்கினாள். டிலக்ஷனின் படத்தை அவள் ஏற்கெனவே மூன்று சிநேகிதிகளுக்குக் காட்டியிருந்தாள். சேலை மினுங்கிவிட்டது. மறுபடியும் மினுக்கினாள். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது தலையிடி என்றாள். ஒரு மடிப்புக்கூட இல்லாத சேலையின் முன்னால் மின்னழுத்தியோடு நின்ற அவளுக்கு, யன்னலுக்கு வெளியே வெயில் சாயத் தொடங்கியது தெரிந்தே இருந்தது.

*

"பிள்ளை! இஞ்சை ஒருக்கா வா!"

குசினிக்குள் பராசக்தி சிரித்துக்கொண்டு நின்றாள். மேசையில் ஒரு முழுப் பாரைமீன். வியாழக்கிழமை ஏரம்பு தானே மோட்டார் சைக்கிளில் ஐஸ் பெட்டி கட்டிக் கொண்டுவந்தது. அன்றைக்குச் சண்முகநாதன் படலையிலேயே நன்றி சொல்லிப் பெட்டியை வாங்கிக்கொண்டு, உள்ளே பெயின்ற் காயவில்லை என்று மைத்துனரைத் திருப்பி அனுப்பியிருந்தார். பெயின்ற் பூசப்பட்டிருந்தது பீப்பாய்க்கு.

இப்போது அந்த மீன் தலையிலிருந்து வால்வரை தந்தூரி மசாலா பூசி இரத்தச் சிவப்பில் கிடந்தது.

"பார், கொம்மான்ரை மீனுக்குக் கொப்பர் செய்த வேலையை. கல்யாணப் பொம்பிளை மாதிரி வைச்சிருக்கிறார். ஒரு படம் எடுத்து அண்ணைக்கு அனுப்பிவிடு. பாத்தால் வயிறு வெடிக்கச் சிரிப்பார்."

ஆரபியின் கையில் ஃபோன் இருந்தது.

"எடன். என்ன முழிக்கிறாய்? சார்ஜ் இல்லையோ?"

"அம்மா."

"என்ன பிள்ளை?"

"மாமா மோசம்போட்டார்."

பராசக்தி குழறவில்லை. மசாலா அப்பியிருந்த கையைப் பார்த்தாள். தண்ணீர்க் குழாயைத் திறந்து கழுவினாள். அந்தச் சிவப்பு போகவில்லை.

"எப்ப?"

"இரவு. நெஞ்சுநோவாம். நாலு மணிக்கு எடுக்கினம்."

"உனக்கு ஆர் சொன்னது?"

"கஜானி."

"எப்ப சொன்னவள்?"

"காலமை."

பராசக்தி சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். மகள் காதில் போட்டிருந்த புதுத் தோட்டைப் பார்த்தாள்.

"காலமையோ" என்றாள்.

அரிசி வாளிக்குள் கையை விட்டு ஒரு பிடி பச்சையரிசி எடுத்துச் சேலைத் தலைப்பில் முடிந்தாள். "ஸ்கூட்டியை எடு" என்றாள்.

சண்முகநாதன் முற்றத்தில் மறித்தார். "எங்கை போறீர்? ஆறு மணிக்கு ஆக்கள் வருகினம்!"

ஒரு கதிரையைச் சுற்றிப் போவதுபோல அவரைச் சுற்றிக்கொண்டு போனாள் பராசக்தி. அவர் ஸ்கூட்டிக்குப் பின்னால் படலைவரை ஓடினார். தன் பெரிய படத்துக்குக் கீழே நின்று மகளிடம் கேட்டார்.

"ஆறு மணிக்குள்ளை வந்திடுவியோ பிள்ளை?"

*

வல்லைவெளியில் காற்று ஸ்கூட்டியைத் தள்ளித் தள்ளி விழுத்தப் பார்த்தது. பின்னால் இருந்தவள் மகளின் தோளைப் பிடிக்கவில்லை. அவள் கை அரிசி முடிச்சிலேயே இருந்தது.

பருத்தித்துறையில் அந்த ஒழுங்கைக்குள் திரும்பியபோது பறைச் சத்தம் தூரத்தில், சுடலைப் பக்கமாகக் கேட்டது. ஒழுங்கை முழுவதும் பூவும் பொரியும் வெடிக் கடதாசியும். வீட்டை அள்ளிக் கழுவிக்கொண்டிருந்தார்கள் பெண்கள். எங்கேயோ ஒரு வானொலியை இப்போதுதான் நிறுத்தினாற்போல ஓர் அமைதி.

ஈரத் தலையோடு ஓடிவந்தாள் கஜானி.

"மாமி, வைச்சுக்கொண்டு பாத்தம் மாமி. மாமா கூட்டிக்கொண்டு வாறன் எண்டு சொன்னவர் எண்டு அண்ணா ஒருத்தரையும் தூக்க விடேல்லை. பெரியாக்கள் ஏசிப்போட்டினம், பொழுது படுகுது எண்டு..."

சுடலைக்குப் பெண்கள் போவதில்லை. பராசக்தி ஒழுங்கை முகப்புவரை போனாள். அதற்கு அங்கால் கால் வைக்காமல் நின்றாள். முடிச்சை அவிழ்த்தாள். பறைச் சத்தம் நிற்கும்வரை அரிசி அவள் கையில் இருந்தது. பிறகு அண்ணனைக் கொண்டுபோன வழியில், பூவோடு பூவாக, அதைப் போட்டாள். அப்போதுதான் அழுதாள்.

அழுது முடிந்ததும் கஜானி வாளியையும் மாற்றுச் சேலையையும் கொண்டுவந்தாள்.

"தோயுங்கோ மாமி."

"வேண்டாம் பிள்ளை. நான் என்ரை வீட்டிலை தோயிறன்."

"இந்தத் துடக்கோடையோ போறியள்?"

"ஓம். இதோடைதான்."

*

பின்வளவில் விருந்து களைகட்டியிருந்தது. அதாவது, கசல் பாடியது, கரி புகைந்தது, பச்சைப் பெயின்ற் உருகிக் கோழியில் ஒரு வாசம் ஏற்றியது.

நடராசா இருமினார். "வெரி ஓத்தென்ரிக்" என்றார்.

"டெல்லியிலை நான் இருக்கேக்கை இதே மணம்தான்" என்றார் சண்முகநாதன். குர்தா போட்டிருந்தார். வயிற்றடியில் அது கொஞ்சம் சிரமப்பட்டது.

பத்மாசினி தட்டைத் தொடாமல் வைத்திருந்தாள். "பராசக்தி எங்கை? வந்து இவ்வளவு நேரமாக் காணேல்லை."

"அவவுக்கு ஒரு சின்னத் தலையிடி. மகள் டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போட்டா. வந்திடுவினம்."

இடையில் கசல் முடிந்து, அழிக்க மறந்த தேவாரம் ஒன்று ஒலிபெருக்கியில் தொடங்கியது. பஞ்சலிங்கம் பக்தியோடு கண்ணை மூடினார். கோழிக்காலைக் கையிலிருந்து இறக்கவில்லை. சண்முகநாதன் ஓடிப்போய் நிறுத்தினார்.

"உங்கடை மிஸிஸின்ரை ஆக்கள் பருத்தித்துறை எண்டு சொன்னனீர், என்ன?" என்று கேட்டார் நடராசா.

"ஓமோம். ஷிப்பிங். பரம்பரையா ஷிப்பிங்."

"இண்டைக்கு அங்காலை ஒரு பெரிய செத்தவீடாம். எங்கடை வான்காரன் சொன்னவன். ஆரோ சம்மாட்டியாம். துறையிலை ஒரு வள்ளமும் கடலுக்கு இறங்கேல்லையாம்."

"அங்காலை உதெல்லாம் வழமைதான்" என்றார் சண்முகநாதன். மீனைத் திருப்பிப் போட்டார். "மிஸிஸ் நடராசா, ஒரு துண்டு?"

அப்போது ஸ்கூட்டி வந்து நின்றது.

பராசக்தி வீட்டுக்குள் போகவில்லை. வீட்டைச் சுற்றிப் பின்வளவுக்கு வந்தாள். அவிழ்ந்த தலைமயிர், அழுது வீங்கிய முகம், தலைப்பில் காய்ந்துபோன சிவப்பு மசாலா. கதிரைகளுக்கு நடுவால், புகைக்கு நடுவால், ஒருவர் முகத்தையும் பாராமல் நேரே கிணற்றடிக்குப் போனாள். வாளியை இறக்கினாள். இழுத்தாள். உடுத்த சேலையோடு தலையில் கவிழ்த்தாள்.

தண்ணீர் விழுந்த சத்தத்தில் எல்லாருடைய வாயும் நின்றது. யாழ்ப்பாணத்தில் பிறந்த எவருக்கும் அதற்கு விளக்கம் தேவையில்லை. வீட்டுக்குள் கால் வைக்காமல், கிணற்றடியில், உடுத்த துணியோடு தோய்கிற பெண் எங்கேயிருந்து வருகிறாள் என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். இலண்டனில் பிறந்த டிலக்ஷனுக்குத்தான் தெரியவில்லை.

"அம்மா, ஆன்ரி ஏன் சாறியோடை குளிக்கிறா?"

"பேசாமல் இரு." பத்மாசினி எழுந்தாள். சண்முகநாதனைத் திரும்பிப் பார்த்தாள். "ஆர் மோசம்போனது?"

சண்முகநாதனின் கையில் இடுக்கி இருந்தது. அதன் நுனியில் ஒரு பனீர்த் துண்டு.

"அது... தூரத்துச் சொந்தம் ஒண்டு."

கிணற்றடியில் அடுத்த வாளி பாதியில் நின்றது.

பராசக்தி புருஷன் பக்கம் திரும்பவே இல்லை. "ஆரபி" என்று கூப்பிட்டாள். குரல் உயரவில்லை. "தூரமோ கிட்டவோ எண்டு நீ சொல்லு."

ஆரபி வீட்டு மூலையில் நின்றாள். தலை கலைந்து, தூசி அப்பி, மினுக்கிய சேலை இல்லாமல். டிலக்ஷன் அவளை முதல்முறையாகப் பார்த்தது அப்படித்தான். தகப்பன் அவளைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினார்.

"அம்மான்ரை கூடப்பிறந்த அண்ணை" என்றாள் ஆரபி. "ஒரேயொரு அண்ணை. நீங்கள் சொன்ன அந்தச் சம்மாட்டி அவர்தான். ஷிப்பிங் எல்லாம் இல்லை, மீன் பிடிக்கிற ஆக்கள். அப்பாவுக்கு நேற்று இரவே தெரியும்." அவள் நிறுத்தினாள். நிறுத்தியிருக்கலாம். "எனக்குக் காலமை தெரியும். மத்தியானம் திரும்புமட்டும் நானும் சொல்லேல்லை. அதாலைதான் அம்மா முகம் பாக்கேல்லை."

நடராசா தட்டைக் கீழே வைத்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் முதலில் மடியில் வைத்தார், பிறகு புல்லில் வைத்தார்.

"என்ரை சீலையளை எடுத்துக்கொண்டு வா பிள்ளை" என்றாள் பராசக்தி. "நான் உள்ளை வரேல்லை. முப்பத்தொண்டாம் நாள் அந்தியேட்டி முடியுமட்டும் நான் அங்கைதான்."

"ஒரு மாதமோ?" சண்முகநாதனுக்கு இப்போதுதான் உண்மையிலேயே வலித்தது. "அப்ப சமையல்?"

பத்மாசினி கைப்பையை எடுத்தாள். அவள் படலைப் பக்கம் போகப்போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். கிணற்றடிக்குப் போய், வாளியைப் பராசக்தியின் கையிலிருந்து வாங்கி, மிச்சத் தண்ணீரைத் தானே அவள் தலையில் வார்த்தாள்.

"இந்த இருட்டிலை ஸ்கூட்டியிலை போகேலாது" என்றாள். "டிலக்ஷன், வான்காரனை எழுப்பு. இவையைக் கொண்டுபோய் விட்டிட்டு வருவம். நீயும் ஏறு."

"நாங்கள் நாளைக்கு நல்லூர்க் கோயிலுக்குப் போறதெல்லோ பத்மா? இந்தத் துடக்கோடை..." என்று தொடங்கினார் நடராசா. மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, எழுந்து வானுக்கு நடந்தார்.

ஆரபி சேலைகளைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். வான் கதவை டிலக்ஷன் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். அவள் ஏறும்போது அவன் ஏதோ கேட்டான். அவள் தலையாட்டினாளா, இல்லையென்றாளா என்பது இருட்டில் தெரியவில்லை. கதவு மூடியது.

சண்முகநாதன் பின்னால் ஓடினார். "மிஸிஸ் நடராசா! குல்ஃபி இருக்கு! டெல்லிக் குல்ஃபி!"

வானின் சிவப்பு விளக்கு ஒழுங்கை திரும்பி மறைந்தது.

அவர் திரும்பி வந்தபோது பின்வளவில் பஞ்சலிங்கம் ஒருவர்தான் இருந்தார். புல்லில் கிடந்த தட்டைக் காலால் ஒதுக்கிவிட்டு, அடுப்புப் பக்கமாகக் கதிரையை இழுத்துப் போட்டிருந்தார்.

"நீர் போகேல்லையோ?"

"போகத்தான் வேணும் ஐசே. துடக்கு வீட்டிலை சாப்பிட்டாச்சு. இனி எப்பிடியும் வீட்டை போய்த் தோயத்தானே வேணும்." பஞ்சலிங்கம் விரலை நக்கினார். "தோயிறதுதான் தோயிறன். அந்தக் குல்ஃபியையும் கொண்டுவாருமன்."